கண்ணீரில் தழைத்த விசுவாசம்
(புனித எலிசபெத் ஆன் சீட்டன் வரலாறு)

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

புனிதர்களின் சரித்திரங்களை நாம் மறைக்கல்வி வகுப்பிலும் நூலகத்திலும் விரும்பிப் படிக்கிறோம். மணமாகிக் கணவனை இழந்து, பின்பு துறவறம் பூண்ட புனிதைகளும் அவர்களுள் உண்டு. ஆனால் அவர்களுடைய வரலாற்றில் கணவன் இறந்த செய்தி பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கணவர் காலமானார், மனைவி உலகைத் துறந்தார் என்று படித்துவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் எத்தனை இரவுகள், எத்தனை கண்ணீர், எத்தனை கேள்விகள் அடங்கியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கே ஒரு புனிதையின் வாழ்க்கையில் அந்த ஒரு வரியைச் சற்றே நின்று படிப்போம். அவர்தான் அமெரிக்க மண்ணில் பிறந்து முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்ற அன்னை எலிசபெத் ஆன் சீட்டன்.

இளமைப் பருவம்

எலிசபெத் 1774ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை ரிச்சர்டு பெய்லி புகழ்பெற்ற மருத்துவர். தாயார் கேதரின் சார்ல்ட்டன். குடும்பத்தினர் எபிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்தவர்கள். எலிசபெத்துக்கு மூன்று வயது நிரம்பும் முன்னரே தாய் இறந்துவிட்டார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னையின் வீட்டில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. தந்தையும் மருத்துவ ஆராய்ச்சிக்காக அடிக்கடி இங்கிலாந்துக்குச் சென்றுவிடுவார்.

1789ஆம் ஆண்டு, தந்தை இங்கிலாந்தில் இருந்தபோது, எலிசபெத் ஒரு நாள் சுள்ளி வெட்டச் சென்ற வண்டியில் ஏறிக் காட்டுக்குச் சென்றார். அங்கே மர நிழலில், பாசி படர்ந்த தரையில், இளவெயிலில் படுத்திருந்தார். தந்தை தம்மை மறந்துவிட்டாரோ என்ற ஏக்கம் அவர் நெஞ்சில் இருந்தது. அப்போது கடவுளே தமக்குத் தந்தையாக இருக்கிறார் என்ற எண்ணம் அவருள் எழுந்து, சொல்லொணாத மகிழ்ச்சியைத் தந்தது. அன்று அவருக்கு வயது பதினான்கு. ஏறக்குறைய நம் வயதுதான்! அந்த நாளை அவர் இறுதிவரை மறக்கவேயில்லை.

இனிய இல்லறம்

1794ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் எலிசபெத்துக்கும் வில்லியம் மேகி சீட்டன் என்னும் இளம் வணிகருக்கும் திருமணம் நடைபெற்றது. மணமகளுக்கு அப்போது வயது பத்தொன்பது. கடல் கடந்து வாணிபம் செய்த செல்வக் குடும்பம் அது. அன்னா மரியா, வில்லியம், ரிச்சர்டு, கேதரின், ரெபேக்கா என ஐந்து குழந்தைகள் பிறந்தனர். கணவனும் மனைவியும் ஒருவர்மீது ஒருவர் உயிரையே வைத்திருந்தனர்.

செல்வத்தில் திளைத்தாலும் எலிசபெத் ஏழைகளை மறக்கவில்லை. 1797ஆம் ஆண்டு, சிறு குழந்தைகளையுடைய ஏழை விதவையருக்கு உதவும் சங்கம் ஒன்றை இசபெல்லா கிரகாம் என்னும் அம்மையாருடனும் வேறு சில பெண்மணிகளுடனும் சேர்ந்து தொடங்கினார். அதன் பொருளாளராகவும் பணியாற்றினார். இன்னும் ஆறே ஆண்டுகளில் தாமும் சிறு குழந்தைகளையுடைய ஓர் ஏழை விதவையாவோம் என்று அன்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

1798ஆம் ஆண்டு மாமனார் இறந்தார். கணவரின் சிறு வயதுத் தம்பி தங்கையரை வளர்க்கும் பொறுப்பும் எலிசபெத்தின் தலையில் விழுந்தது. கப்பல்கள் கடலில் இழக்கப்பட்டன, வாணிபம் நொடித்தது. இரவெல்லாம் விழித்திருந்து கணவரின் வணிகக் கடிதங்களை எழுத அவர் துணை புரிந்தார். ஆயினும் 1800ஆம் ஆண்டு முடிவில் நிறுவனம் திவாலாகிவிட்டது. மறு ஆண்டு அவருடைய தந்தையும் மறைந்தார். நியூயார்க் துறைமுகத்தில் நோய்த் தடுப்பு விடுதியின் பொறுப்பாளராயிருந்த அம்மருத்துவர், அயர்லாந்திலிருந்து வந்திறங்கிய ஏழைகளுக்குச் சிகிச்சை செய்யும்போது அவர்களிடமிருந்தே காய்ச்சல் தொற்றி உயிர் நீத்தார்.

குளிர்ந்த சிறை

இவற்றுக்கெல்லாம் மேலாக, வில்லியத்தைக் காசநோய் பற்றிக்கொண்டது. இத்தாலியின் இளஞ்சூடான தட்பவெப்பம் அவரைக் குணப்படுத்தக்கூடும் என்ற நம்பிக்கையில், 1803ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கணவனும் மனைவியும் கப்பலேறினர். எட்டு வயதான மூத்த மகள் அன்னா மரியா மட்டும் உடன் சென்றாள். மற்ற நான்கு குழந்தைகளையும் உறவினரிடம் விட்டுச் சென்றனர். லிவோர்னோ துறைமுகத்தில் பிலிப்போ, அந்தோனியோ என்னும் பிலிக்கி சகோதரர்கள் இருந்தனர். அவர்கள் வில்லியத்தின் பழைய வணிக நண்பர்கள்.

ஏழு வாரப் பயணத்துக்குப் பின் கப்பல் கரையை அடைந்தது. எலிசபெத்தின் மாற்றாந்தாய் மகனான தம்பி அங்கே பணியாற்றிக் கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் கட்டியணைக்க ஓடினார் எலிசபெத். தொடக்கூடாது என்று காவலன் தடுத்துவிட்டான். நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தமையால், அங்கிருந்து வந்தவர்களை நகருக்குள் விட அதிகாரிகள் மறுத்தனர். மூவரும் கடலோரத்திலிருந்த நோய்த் தடுப்பு விடுதியில் அடைக்கப்பட்டனர். தந்தை நடத்தியது போன்ற ஒரு விடுதியிலேயே மகள் சிறைப்பட்டதை என்னவென்று சொல்வது!

கருங்கல் சுவர்கள், செங்கல் தரை, கடற்காற்றின் கடுங்குளிர். தரையில் விரித்த படுக்கையில் கணவர் இருமி இருமி இரத்தம் கக்கினார். பிலிக்கி குடும்பத்தார் உணவும், துணைக்கு ஒரு முதிய பணியாளரையும் அனுப்பினர். ஆனால் எவரும் தூர நின்றே பேச முடிந்தது. அன்னா மரியா கயிறு தாண்டிக் குளிரைப் போக்கினாள். தாயும் அறையின் நீளத்தை ஒற்றைக் காலில் நொண்டி நொண்டிக் கடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டார். கணவருக்குத் திருப்பாடல்களை வாசித்துக் காட்டினார். மூவரும் சேர்ந்து செபித்தனர். முன்னெல்லாம் வாணிபத்திலேயே மூழ்கிக் கடவுளைப் பெரிதாக எண்ணாதிருந்த வில்லியம், அந்தச் சிறையிலேதான் ஆண்டவரைத் தேடத் தொடங்கினார். அதுவே எலிசபெத்தின் பெரும் ஆறுதலாயிற்று.

இந்நாட்களில் எலிசபெத், கணவரின் தங்கை ரெபேக்காவுக்காக ஒரு நாட்குறிப்பு எழுதி வந்தார். அழுது அழுது தம் கண்கள் எரிந்ததையும் அவர் அதில் மறைக்கவில்லை. கடவுளை நம்பியதையும் எழுதினார். கதறி அழுததையும் எழுதினார். ஒன்று மற்றொன்றுக்குத் தடை என்று அவர் கருதவில்லை. இதை நாம் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

டிசம்பர் 19ஆம் நாள் விடுதலை கிடைத்தது. வில்லியத்தைப் பைசா நகருக்குக் கொண்டு சென்றனர். கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து இரண்டே நாட்களில், டிசம்பர் 27ஆம் நாள் காலையில் அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது முப்பத்தைந்து. எலிசபெத்துக்கு இருபத்தொன்பது. நோய்க்கு அஞ்சிப் பலர் அருகில் வரத் தயங்கினர். வேலைக்கு வந்துபோன பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கணவரின் உடலுக்குச் செய்ய வேண்டிய இறுதிக் கடமைகளைத் தம் கையாலேயே செய்தார் எலிசபெத். மறுநாள் லிவோர்னோவில் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடைபெற்றது.

உள்ளத்தில் எழுந்த போராட்டம்

அந்நிய நாடு; அந்நிய மொழி; கையில் பணமில்லை; மடியில் ஒரு குழந்தை; கடலுக்கு அப்பால் நான்கு குழந்தைகள். பிலிக்கி குடும்பத்தார் அவரைத் தம் வீட்டில் சொந்தச் சகோதரியைப் போல் வைத்துக் காத்தனர். அவர்கள் கத்தோலிக்கர். அவர்களுடைய செபமும் நோன்பும் அன்பும் எலிசபெத்தின் உள்ளத்தைத் தொட்டன.

மொந்தெனேரோ என்னும் மலைமீதுள்ள மாதா கோயிலுக்கு அவரை ஒரு நாள் அழைத்துச் சென்றனர். திருப்பலியில் குருவானவர் அப்பத்தை உயர்த்திய வேளையில், அருகில் நின்ற ஓர் ஆங்கிலேய இளைஞன் ஏளனமாக ஏதோ சொன்னான். எலிசபெத்தின் உடல் நடுங்கியது. ஆண்டவர் உண்மையிலேயே அங்கு இருக்கிறாரோ என்ற கேள்வி அன்று அவருள் புகுந்தது. பிறகு அது வெளியேறவேயில்லை. நற்கருணையை ஏந்திய பவனி வீதியில் சென்றபோது சன்னலருகே முழந்தாளிட்டு, அவர் அங்கிருப்பது உண்மையானால் தமக்கு இரங்க வேண்டும் என்று மன்றாடினார். மற்றொரு நாள் அந்தோனியோவின் மனைவி அமபிலியாவின் செபப் புத்தகத்தில், மாதாவின் அடைக்கலம் தேடும் செபம் ஒன்று கண்ணில் பட்டது. மூன்று வயது நிரம்பும் முன்னரே தாயை இழந்த அவர், அதைச் சொல்லிச் சொல்லி, தாய்மடியில் கிடந்தவர் போல் அழுதார். சிறுமி அன்னா மரியாவோ, அமெரிக்காவிலும் கத்தோலிக்கர் இருக்கிறார்களா, ஊர் திரும்பியதும் நாமும் அந்தக் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டாள்.

1804ஆம் ஆண்டு ஜூன் மாதம் எலிசபெத் நியூயார்க் வந்து சேர்ந்தார். அந்தோனியோவும் துணையாக வந்தார். யாருக்காக நாட்குறிப்பு எழுதினாரோ, அந்த ரெபேக்கா மரணப்படுக்கையில் கிடந்தார். அடுத்த மாதமே இறந்து போனார். மனத்தைத் திறந்து பேச இருந்த ஒரே தோழியும் போய்விட்டார்.

இனிமேல்தான் அவருடைய கடுஞ்சோதனை தொடங்கியது. அவர் பெரிதும் மதித்த ஆன்மீக வழிகாட்டியான போதகர் ஹென்றி ஹோபார்ட், கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிராக நீண்ட வாதங்களை எழுதித் தந்தார். பிலிப்போ பிலிக்கியின் வாதங்களோ மறுபுறம் இழுத்தன. எலிசபெத் இரு தரப்பையும் படித்தார். படிக்கப் படிக்கக் குழப்பமே மிகுந்தது. தாம் தவறு செய்தால் ஐந்து குழந்தைகளின் ஆன்மாவுக்கும் தாமே பொறுப்பு என்ற அச்சம் அவரை வாட்டியது. தம் சபையின் கோயிலில் வழிபாட்டுக்கு அமர்ந்திருக்கையில், அடுத்த தெருவிலிருந்த புனித பேதுரு கத்தோலிக்கக் கோயிலை நோக்கிய இருக்கையில் உட்கார்ந்து, அங்குள்ள நற்கருணை நாதரோடு தாம் பேசிக்கொண்டிருப்பதை அவரே உணர்ந்தார். உடல் ஒரு கோயிலில், உள்ளம் மற்றொரு கோயிலில்! இந்த நிலை பல மாதங்கள் நீடித்தது.

நாம் இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கணவனை இழந்த துயரத்தில் ஏதேனும் ஒரு கொழுகொம்பைப் பற்றிக்கொள்ளத்தான் அவர் மதம் மாறினார் என்று அன்று சிலர் நினைத்திருக்கலாம். ஆறுதல் மட்டுமே அவர் நாடியதானால் பழைய சபையிலேயே இருந்திருப்பார். உறவும் நட்பும் பண உதவியும் அங்கேதான் இருந்தன. நியூயார்க் கத்தோலிக்கரோ பெரும்பாலும் ஏழைக் குடியேறிகள். மேல்குடி மக்கள் அவர்களை ஏளனம் செய்த காலம் அது. எந்த அயர்லாந்து ஏழைகளுக்காகத் தந்தை உயிரைக் கொடுத்தாரோ, அத்தகைய ஏழைகளின் நடுவே மகளும் முழந்தாளிட வேண்டியிருந்தது. உண்மை என்று மனச்சாட்சி உணர்த்தியதால், நட்டத்தை அறிந்தே அவர் அவ்வழி சென்றார்.

1805ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் புனித பேதுரு கோயிலில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். மங்களவார்த்தைத் திருநாளாகிய மார்ச் 25ஆம் நாள் முதன்முதலாகத் திவ்ய நற்கருணை உட்கொண்டார்.

பள்ளி அன்னை

எதிர்பார்த்தபடியே உறவினர் பலர் கைவிட்டனர். பிழைப்புக்காகப் பள்ளி நடத்த முயன்றார். குழந்தைகளை மதம் மாற்றிவிடுவார் என்ற வதந்தியால் அது நிலைக்கவில்லை. மாணவர்களுக்கு விடுதி நடத்திக் காலம் தள்ளினார். 1808ஆம் ஆண்டு, துபூர்க் என்னும் குருவானவரின் அழைப்பை ஏற்றுப் பால்ட்டிமோர் நகருக்குச் சென்று அங்கே ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1809ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் ஜான் கரோல் ஆண்டகை முன்னிலையில் வார்த்தைப்பாடு கொடுத்து, அன்னை சீட்டன் ஆனார்.

அவ்வாண்டே எமிட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், ஒரு சிறிய கல் வீட்டில் சகோதரிகளின் சபை வாழ்வு ஆரம்பமாயிற்று. கேரட்டு கிழங்கை வறுத்துக் காப்பியாகக் குடித்த வறுமை; கூரை வழியே பனி உள்ளே விழுந்த குளிர். ஆயினும் 1810ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் புனித சூசையப்பர் பள்ளி அங்கே திறக்கப்பட்டது. ஏழைச் சிறுமியர் கட்டணமின்றி அதில் கல்வி பயின்றனர். புனித வின்சென்ட் தே பவுலின் ஒழுங்குகளைத் தழுவிய சபை விதிகள் 1812ஆம் ஆண்டு ஏற்கப்பட்டன. தாயாகிய அவர் குழந்தைகளைப் பிரியாமல் இருக்க வழி செய்த பின்னரே அவ்விதிகளுக்கு இசைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

மீண்டும் ஓர் இருள்

வரலாறு இத்துடன் இனிதே முடிந்திருந்தால், துன்பத்துக்குப் பின் இன்பம் என்று நாம் எழுதி முடித்திருப்போம். ஆனால் 1812ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், குளிர் விடுதியில் கயிறு தாண்டி விளையாடிய அந்த அன்னா மரியா, தந்தையைக் கொன்ற அதே காசநோயால் இறந்தாள். வயது பதினாறு. இறக்கும் முன்பு தானும் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்திருந்தாள்.

சபைத் தலைவியாகிய அன்னை சீட்டன் அப்போது நிலைகுலைந்து போனார். ஏறக்குறைய மூன்று மாத காலம், தம் அறிவே தடுமாறிவிடுமோ என்று அவர் அஞ்சினார். பிறருக்கு ஆறுதல் சொன்ன வாய்க்குச் செபமே வரவில்லை. கணவன் இறந்தபோது அவரைத் தாங்கிய விசுவாசம், இப்போது கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பதுபோல் தோன்றியது. சீமோன் புருத்தே என்னும் குருவானவர் அவரைப் பொறுமையுடன் வழிநடத்தினார். இருள் ஒரே நாளில் அகலவில்லை. மெல்ல மெல்லவே அகன்றது. அந்த இருளிலும் அவர் பள்ளி மணியடித்ததும் வகுப்புக்குச் சென்றார். பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. சகோதரிகளுக்கு உணவு கிடைத்தது.

1816ஆம் ஆண்டு நவம்பரில் கடைசி மகள் ரெபேக்காவும், பனியில் வழுக்கி விழுந்ததனால் வந்த இடுப்பு நோயால் நெடுங்காலம் வருந்தி, பதினான்காம் வயதில் தாயின் அரவணைப்பில் உயிர் நீத்தாள். இம்முறை அன்னையிடம் துயரம் குறைந்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் துயரத்தோடு வாழவும், துயரத்தோடே செபிக்கவும் அவர் கற்றிருந்தார்.

1821ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், நாற்பத்தாறாம் வயதில் அன்னை சீட்டன் இறைவனடி சேர்ந்தார். தம் மக்கள் என்றும் திருச்சபையின் பிள்ளைகளாய் நிலைத்திருக்க வேண்டும் என்பதே அவருடைய இறுதி விருப்பம். 1963ஆம் ஆண்டு திருத்தந்தை 23ஆம் அருளப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1975ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் திருத்தந்தை 6ஆம் சின்னப்பர் அவரைப் புனிதையாக உயர்த்தினார். சனவரி 4 அவருடைய திருநாள்.

நாம் கற்கும் பாடம்

தோழியரே! நம் வகுப்புகளிலும் தந்தையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார் விடியற்காலையில் எழுந்து, வேலைக்குச் சென்று, கட்டணம் கட்டி, சீருடை தைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நாமோ அவர்களைக் கண்டால் என்ன பேசுவதென்று அறியாமல், எல்லாம் கடவுள் சித்தம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பொய்யல்ல. ஆனால் அழுகிறவரின் வாயை அடைப்பதற்காக அதைச் சொல்லலாகாது. அன்னை சீட்டன் கடவுள் சித்தத்துக்குப் பணிந்தவர்தாம். எனினும் அந்தப் பணிவை அடைய அவருக்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. பிலிக்கி குடும்பத்தார் அவருக்கு முதலில் உபதேசம் செய்யவில்லை. உணவு அனுப்பினர், வீட்டில் இடம் கொடுத்தனர், கூடவே இருந்தனர். பிறகே அவர்களுடைய விசுவாசம் அவருக்கு விளங்கியது.

அழுவது விசுவாசக் குறைவு அன்று. கேள்வி கேட்பதும் பாவமன்று. நம் ஆண்டவரே லாசருவின் கல்லறையருகே கண்ணீர் சிந்தினார் அல்லவா? கேள்வியோடும் கண்ணீரோடும் அவரிடமே திரும்பத் திரும்பச் செல்வதுதான் விசுவாசம் என்பதை இவ்விதவைத் தாயின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. ஆகவே, துயருற்ற தோழியின் அருகில் சிறிது நேரம் மௌனமாக உட்காரக் கற்றுக்கொள்வோம். அவளுக்குப் பாடக் குறிப்புகளை எழுதிக் கொடுப்போம், நம் உணவைப் பகிர்ந்துகொள்வோம், அவளுக்காகச் செபிப்போம். சொல்ல வேண்டிய சொல் அதன்பின் தானே வரும்.

புனித எலிசபெத் ஆன் சீட்டனே, கணவரை இழந்து வருந்தும் தாய்மாருக்காகவும் அவர்தம் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொள்ளும்!